மேனேஜரின் பிடரியில் ஊற்றிய மருந்து

அன்பும் அறிவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். மேனேஜரும் சௌக்கியம். மேனேஜர் சௌக்கியம் என்று தொடக்கத்திலேயே எழுதிவிட்டதைத் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இனி வரும் பக்கங்களில் அது அடிக்கடி மறந்துபோகும். அங்கே நீங்களும் என் மகள் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அலுவலகப் பயிற்சி நல்லபடியாக நடக்கிறதா, தங்கியிருக்கும் இடத்தில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, பாப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்பதையெல்லாம் நேற்றுப் போனிலேயே கேட்டுவிட்டேன். இருந்தாலும் கடிதம் என்றால் கேட்பதுதான் முறை என்பதால், இன்னொரு தடவை கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் சாயங்காலம் போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீங்கள் யோசிப்பீர்கள். பாப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதில் பேசினால் எனக்கு மேடையில் ஏற்றிவிட்ட மாதிரி நாக்கு உலர்ந்துவிடுகிறது. தவிர, சில விஷயங்களை ஒரு மாமனார் மாப்பிள்ளையிடம் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. முகம் தெரியாத போனிலும் சொல்ல முடியாது என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். எழுத்தில் சொல்லலாம். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்திய கை இது. எழுத்தில் தப்பைச் சுட்டிக்காட்டுவது எனக்குப் புதிதல்ல. இதுவரை அடுத்தவர் தப்பு, இந்தத் தடவை சொந்தத் தப்பு, அவ்வளவுதான்.

நீங்கள் பூனையை எங்களிடம் விட்டுப் போனபோது, "இவன் ரொம்ப சாது மாமா. நேரத்துக்குச் சாப்பாடு, ஜன்னலோரமா ஒரு இடம், அது போதும்" என்று சொன்னீர்கள். நீங்கள் 'இவன்' என்று சொல்லலாம், வளர்த்தவர். பூனைக்கு மேனேஜர் என்று பெயர் வைத்துவிட்டு என்னையும் 'இவன்' என்று சொல்லச் சொன்னால் எப்படி? அச்சகத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் 'வந்தான், போனான்' போட்டுப் பழக்கமில்லை. ஆகவே இங்கே அவர், அவர்தான். அவரும் பதவிக்குத் தகுந்தாற்போலத்தான் நடந்துகொண்டார். காலையில் ஜன்னலில் உட்கார்ந்து தெருவை மேற்பார்வையிடுவார். யாராவது வேலை செய்தால் பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார். தான் ஒரு துரும்பையும் கிள்ளிப் போட மாட்டார். எனக்கும் அவருக்கும் எந்த மனஸ்தாபமும் இல்லாமல் நாட்கள் நகர்ந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் எனக்குக் கடி ஆரம்பித்தது. கணுக்காலில் முதலில், பிறகு முழங்காலுக்குப் பின்னால், பிறகு மாப்பிள்ளையிடம் எழுத முடியாத இடங்களில். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்தால் போதும், அரசியல் பக்கம் வருவதற்குள் சொறிய ஆரம்பித்துவிடுவேன். உங்கள் மாமியார் கொசு என்றாள். கொசு என்றால் அவளையும்தானே கடிக்க வேண்டும்? "உங்க ரத்தம் இனிப்பு போல" என்றாள். அவள் அதைப் பாராட்டாகச் சொன்னாளா, சர்க்கரை வியாதியைச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இந்தக் குழப்பத்தில் மாடிப்படியில் நின்று சொறிந்துகொண்டிருந்தபோதுதான் மேல்வீட்டு நாய்க்காரம்மா வந்தார். அவரை உங்களுக்குத் தெரியும். கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாயை வைத்துக்கொண்டு, அதை 'என் பையன்' என்று சொல்வாரே, அவர்தான். என் காலைப் பார்த்தவுடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இது தெள்ளுப்பூச்சி சார். வீட்ல பூனை இருக்குல்ல? அதுகிட்டேர்ந்துதான் வருது. என் பையனுக்கு நான் மாசாமாசம் மருந்து போட்டுடுவேன். தெள்ளும் வராது, உண்ணியும் வராது. ஒரு குழாய் மிச்சம் இருக்கு, தரட்டுமா?"

"அது நாய் மருந்தாச்சேம்மா, பூனைக்குப் போடலாமா?" என்று நான் கேட்டேன். கேட்டேன் மாப்பிள்ளை. இந்தக் கேள்வியை நான் கேட்டதற்கு அந்த மாடிப்படியே சாட்சி.

"நாலு காலு, ஒரு வாலு. பூச்சிக்கு என்ன தெரியப்போகுது சார், இது நாயா பூனையான்னு?" என்றார். பூச்சியின் பக்கத்திலிருந்து யோசித்தால் அது நியாயமாகத்தான் பட்டது. பூனையின் பக்கத்திலிருந்து யோசிக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

குழாயை அட்டைப்பெட்டியோடு கொடுத்தார். என்னதான் இருந்தாலும் படிக்காமல் ஒன்றைப் பயன்படுத்துகிற ஆள் நானில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, பெட்டியின் நாலு பக்கத்தையும் வாசித்தேன். படுமோசமான அச்சு. 'தோளில் படும்படி ஊற்றவும்' என்று போட்டிருந்தது. தோலில் என்று வர வேண்டியதா, தோளில் என்பதேதானா? தோலில் என்றால் எந்தத் தோல்? தோளில் என்றால் பூனைக்குத் தோள் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? ஒரு எழுத்தில் உடம்பே மாறிப்போகிறது பாருங்கள். நாய்க்காரம்மா பிடரியில் ஊற்றச் சொன்னார். பிடரி என்றால் தோலும் ஆச்சு, தோளும் ஆச்சு என்று சமாதானம் செய்துகொண்டேன். அதற்குக் கீழே இன்னொரு பிழை. 'புனைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது' என்று இருந்தது. ஒற்றைச் சுழி விட்டுப்போயிருக்கிறது! பென்சிலை எடுத்து, 'பு'வை வட்டமிட்டு, ஓரத்தில் 'பூ' என்று அழகாகத் திருத்தம் போட்டு, மனநிறைவோடு பெட்டியை மேசைமேல் வைத்தேன். மாப்பிள்ளை, பிழை திருத்துகிறவனுக்கு ஒரு சாபம் உண்டு. அவன் எழுத்தைப் பார்ப்பான், வாக்கியத்தைப் பார்க்க மாட்டான். பார்த்தால் வேலை ஓடாது. இத்தனை வருஷத்தில் நான் திருத்திய புத்தகங்களில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் எனக்கு ஒன்றுகூடத் தெரியாது.

உங்கள் மாமியார் அப்போது வீட்டில் இல்லை. காய்கறி வாங்கப் போயிருந்தாள். இதை நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அவளுக்கு இதில் எள்ளளவும் சம்பந்தமில்லை. மேனேஜர் ஜன்னலோரம் அசந்திருந்தார். நாங்கள் அவரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிடரி மயிரை விலக்கி, குழாயின் மூக்கைத் திருகி, முழுவதையும் ஊற்றினோம். நாங்கள் என்று எழுதிவிட்டேன். நான் என்று திருத்தி வாசிக்கவும். அடித்து எழுதினால் பார்க்க அசிங்கமாக இருக்கும். ஒருவனே எப்படித் துண்டையும் பூனையையும் குழாயையும் பிடித்தான், அவனுக்கு எத்தனை கை என்று நீங்கள் கேட்கலாம். அவசரத்தில் மனுஷனுக்குக் கை முளைக்கும்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உடம்பை உதறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனார். கோபம் என்று விட்டுவிட்டேன். மத்தியானம் வெளியே வந்தபோது காது இரண்டும் துடித்துக்கொண்டிருந்தன. ஈ உட்கார்ந்திருக்கும் என்று விசிறினேன். பிறகு வாயில் எச்சில் ஒழுகியது. பசி என்று நினைத்து மீனை வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு காலை ஒவ்வொன்றாகத் தூக்கி உதறி உதறி நடந்தார், தரை சுடுகிற மாதிரி. நான் குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தேன். தரை சில்லென்று இருந்தது. அப்படியானால் குளிர்தான் போலிருக்கிறது என்று என் கம்பளிச் சால்வையைப் போர்த்தினேன். சால்வையோடு சேர்ந்து நடுங்கினார். உங்கள் மாமியார், "பாப்பா ஞாபகம் வந்துடுச்சோ என்னமோ, பாவம்" என்றாள். அதாவது, தையல்காரரிடம் போயிருந்தவள் திரும்பி வந்து சொன்னாள். காய் வாங்கிவிட்டு அப்படியே தையல்காரரிடமும் போயிருந்தாள். பாப்பாவை நினைத்து ஏங்கினால் காது துடிக்குமா என்று நான் கேட்டேன். "உங்களுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லைதான். ஆனால் அடுத்த நிமிஷமே மேனேஜர் எழுந்து நிற்கப் போய், பின்னங்கால் இரண்டும் மடிந்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்துவிட்டார். தோலுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி உடம்பு முழுக்க அலை அலையாக நடுக்கம். உங்கள் மாமியார் அதற்கு மேல் எந்தக் காரணமும் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

நீங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போன மிருக வைத்தியர் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"அம்மா, மேனேஜர் கீழ விழுந்து நடுங்குறாரும்மா."

"எந்த மேனேஜர் சார்? பேங்க்கா?"

"இல்லம்மா, எங்க வீட்டு மேனேஜர்."

"வயசு என்ன இருக்கும்?"

"ஆறு."

"அறுபதா?"

"ஆறும்மா, ஆறு. வாயில நுரை வேற."

"சார், இது மிருக ஆஸ்பத்திரி. நீங்க முதல்ல ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்று வைக்கப் போனது. உங்கள் மாமியார் போனைப் பிடுங்கி, "பூனை! பூனை! பூனை!" என்று கத்தினாள். அதுவரை அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உடனே டாக்டரம்மா வந்தார்.

"இன்னைக்கு உடம்புல ஏதாவது மருந்து போட்டீங்களா?"

"தெள்ளுப்பூச்சி மருந்து டாக்டர்."

"பூனை மருந்தா, நாய் மருந்தா?"

மாப்பிள்ளை, இந்தக் கேள்வியை நான் நாய்க்காரம்மாவிடம் கேட்டபோது எவ்வளவு சாதாரணமாக இருந்தது! அதையே டாக்டரம்மா கேட்டபோதுதான் அது எவ்வளவு பெரிய கேள்வி என்று தெரிந்தது. நாய் மருந்து என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது.

"பாத்திரம் கழுவுற சோப்பு இருக்கும்ல? வெதுவெதுப்பான தண்ணில அதைப் போட்டு, மருந்து பட்ட இடத்தை நல்லாக் கழுவுங்க. சூடா ஊத்தாதீங்க. நக்க விடாதீங்க. ஈரம் போகத் துடைச்சு, துணியில சுத்தி, உடனே கொண்டு வாங்க. லேட் பண்ணாதீங்க."

போனை வைத்ததும் எங்களுக்குள் ஒரு குழப்பம். பாத்திரம் கழுவுகிற சோப்பில் கழுவச் சொன்னாரா, பாத்திரத்தில் வைத்துக் கழுவச் சொன்னாரா? இரண்டையும் செய்துவிடுவோம், ஒன்று சரியாக இருந்தால் சரி என்று, விருந்தாளிகள் வந்தால் சாதம் வடிக்கும் பெரிய அண்டாவை இறக்கி, அதற்குள் மேனேஜரை உட்காரவைத்து, எலுமிச்சை வாசனை சோப்பைப் போட்டுக் கழுவினோம். எப்போதும் தண்ணீர்ச் சொட்டு பட்டாலே சுவரேறுகிறவர், கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு எங்கள் கைக்கு இசைந்து கொடுத்தார். ஒரு கீறல்கூடப் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கீறியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

துடைத்து, சால்வையில் சுற்றி, உங்கள் பூனைக்கூண்டை எடுத்தால் அதன் கதவை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. அழுத்தினேன், இழுத்தேன், திருப்பினேன். என்ன செய்தாலும் இன்னும் இறுகிக்கொண்டது. கடைசியில் அண்டாவையே துடைத்து, அதிலேயே மேனேஜரை வைத்து, மேலே சல்லடைத் தட்டால் மூடி, ஆளுக்கொரு பக்கமாக அண்டாவின் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு லிப்டுக்கு ஓடினோம். லிப்ட் கதவு திறந்தால் உள்ளே நாய்க்காரம்மாவும் அவர் பையனும். பையன் அண்டாவை மோந்து பார்த்துவிட்டு ஒரு குரைப்புக் குரைத்தான் பாருங்கள், சல்லடை அதிர்ந்தது. உங்கள் மாமியார் விஷயத்தை இரண்டே வார்த்தையில் சொன்னாள். நாய்க்காரம்மா அப்படியே சுவரில் சாய்ந்து, "ஐயோ, நானே கொன்னுட்டேனே, நானே கொன்னுட்டேனே" என்று அழ ஆரம்பித்துவிட்டார். இன்னும் யாரும் சாகவில்லை என்று அவரைத் தேற்றுவதற்குள் லிப்ட் தரைத்தளம் போய், தேற்றி முடியாததால் மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது.

வாடகைக் காரில் ஏறினால் டிரைவர் அண்டாவைப் பார்த்துவிட்டு, "என்ன சார், சமையல் ஆர்டரா? பார்த்து, சீட்ல சிந்திடப் போகுது" என்றார்.

"நோயாளிப்பா, சீக்கிரம் போ."

"பாத்திரத்துலயா?" என்று திரும்பிப் பார்த்தவர், சல்லடை தானாக நடுங்குவதைக் கண்டதும் சட்டென்று முன்பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியைப் பறக்கவிட்டார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது, "ஒண்ணும் ஆகாது சார்" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை அதுதான்.

டாக்டரம்மாவுக்கு நம் பாப்பா வயதுதான் இருக்கும். சல்லடையைத் தூக்கி ஒரு ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல் மேனேஜரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஊசி போட்டார்கள், முன்னங்காலில் மயிரை மழித்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். ரொம்ப நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்து உட்கார்ந்தார்.

"நாய் மருந்து சிலதுல பெர்மெத்ரின்னு ஒண்ணு இருக்கும் சார். நாய் உடம்பு அதை உடைச்சு வெளியேத்திடும். பூனையோட ஈரலுக்கு அது முடியாது. நரம்பைப் போய்த் தாக்கிடும். இதுக்கு மாத்து மருந்துன்னு தனியா எதுவும் கிடையாது. நடுக்கத்தை அடக்கணும், உடம்பு சூட்டைப் பார்த்துக்கணும், விஷம் இறங்குற வரைக்கும் காத்திருக்கணும். கழுவிட்டுக் கொண்டுவந்தது நல்லதாப் போச்சு. பெட்டி இருக்கா?"

பெட்டியை உங்கள் மாமியார் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் பார்வை நின்றது.

"இந்தப் பென்சில் திருத்தம் யார் போட்டது?"

"நான்தான் டாக்டர்."

"'பூனைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது.' அப்ப நீங்க இதைப் படிச்சிருக்கீங்க."

"திருத்தினேன் டாக்டர். படிக்கலை."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்னையும் உள்ளே படுக்கவைக்கலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு, "ஒரு விஷயம் சொல்லணும் சார். சீப்பு போட்டு முழுக்க வாரிப் பார்த்துட்டேன். உங்க பூனை மேல ஒரு தெள்ளு இல்ல, ஒரு உண்ணி இல்ல. இவ்வளவு சுத்தமான பூனையை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

"அப்போ என்னைக் கடிக்கிறது யாரு டாக்டர்?"

"அதுக்கு நீங்க மனுஷ டாக்டரைத்தான் பார்க்கணும்."

மேனேஜரை அங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும், இன்றைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். கிளம்புமுன் கண்ணாடி வழியாகப் பார்க்க விட்டார்கள். மேனேஜர் ஒரு நீலத் துணியில் கிடந்தார். முன்னங்கால் பாதம் மட்டும் தானாகத் துடித்துத் துடித்து அடங்கியது. எனக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது மாப்பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னால் பாப்பா எங்களிடம் உங்களைப் பற்றிச் சொன்ன முதல் விஷயமே இந்தப் பூனைதான். உங்கள் அம்மா தவறிய வருஷத்தில் நீங்கள் வேலைக்கும் போகாமல், யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடந்ததும், மழையில் நனைந்து வந்த இந்தக் குட்டிக்குப் பால் வாங்கத்தான் முதன்முதலாக வெளியே வந்ததும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. அன்றைக்கு நான், 'பூனைக்காகப் படியிறங்குகிற பையனுக்கு நம்பிப் பெண்ணைக் கொடுக்கலாம்' என்று சொன்னேனாம். உங்கள் மாமியார் ஞாபகப்படுத்தினாள். அந்தப் பூனையைத்தான் நான் அண்டாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையிடம் என்ன சொல்வேன், எப்படிச் சொல்வேன் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துப் பார்த்தேன். எல்லாம் இலக்கணப் பிழை இல்லாமல் வந்தது. ஒன்றுகூடச் சொல்லும்படி இல்லை.

வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். கடி! உங்கள் மாமியார் என்னை எழுப்பிவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்து, பிரம்பின் இடுக்கில் கொண்டை ஊசியால் குத்தினாள். மூட்டைப்பூச்சி. ஒன்றா இரண்டா, ஒரு குடும்பமே, சம்பந்தி வீட்டாரோடு. நீங்கள் ஊருக்குப் போன கையோடு நான் பழைய சாமான் கடையில் ஆசைப்பட்டு வாங்கிய நாற்காலி அது. "இத்தனை நாளா நீங்க எங்கே உட்கார்ந்து சொறிஞ்சீங்கன்னு ஒரு தடவை யோசிச்சீங்களா?" என்றாள். யோசித்தேன், பூனைக்குப் பக்கத்தில் என்றுதான் யோசித்தேன். நாற்காலிக்கு மேலே என்று யோசிக்கவில்லை. நாற்காலி அன்றைக்கே தெருமுனைக்குப் போய்விட்டது. எனக்குக் கடியும் நின்றுவிட்டது. உடம்பு ஆறியது, மனசுதான் அரித்தது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. காலையிலும் மாலையிலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். வரவேற்பில் இருக்கும் பெண் என்னை, "மேனேஜரோட மாமனார் வந்திருக்காரு" என்று உள்ளே அறிவிக்கும். முறைப்படி பார்த்தால் மேனேஜர் எனக்குப் பேரன் ஸ்தானம் அல்லவா என்று திருத்த வாயெடுத்து, இனிமேல் எதையும் திருத்துவதில்லை என்று விட்டுவிடுவேன். நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் டாக்டரம்மா, "சாப்பிட்டாரு சார்" என்றார். அவரும் 'சாப்பிட்டாரு' என்றுதான் சொன்னார், கவனியுங்கள். நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் கிளியோடு வந்திருந்த ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் கிளிக்கு ஒன்றும் சரியாகவில்லை போலிருக்கிறது. என்னைக் குழப்பமாகப் பார்த்தார்.

இத்தனைக்கும் நடுவே உங்களோடு தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொன்னேன். "மேனேஜர் ஜன்னல்ல இருக்காரு", "மேனேஜர் தூங்கிட்டாரு" என்று நீங்கள் கேட்காமலேயே சொன்னேன். நீங்கள் ஒருநாளாவது "அவனை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமா" என்று சொல்லவில்லை. "நீங்க சாப்டீங்களா மாமா? சரியாத் தூங்குறீங்களா? ரொம்ப அலையாதீங்க" என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். பூனைமேல் உயிரையே வைத்திருப்பவர் பூனையை விட்டுவிட்டு மாமனாரை ஏன் இப்படி விசாரிக்கிறார் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு ஏதாவது வியாதி இருந்து, உங்கள் மாமியாரும் நீங்களும் சேர்ந்து மறைக்கிறீர்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்து, தனியாகப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேன். ரத்தம் இனிப்பில்லை.

மேனேஜர் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு காலில் மயிர் இல்லை, எடை குறைந்திருக்கிறார், மற்றபடி பழைய மேனேஜர்தான். உங்கள் மாமியார் மடியில் ஏறுகிறார். நாய்க்காரம்மா தினமும் பையனை விட்டுவிட்டுத் தனியாக வந்து, வாசலில் நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போகிறார். என் அறைக்குள் மட்டும் மேனேஜர் வருவதில்லை. வாசற்படியில் நின்று என்னைப் பார்ப்பார், நான் கண்ணாடியை மாட்டினால் போய்விடுவார். அவர் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர் இஷ்டம். உங்களிடம்தான் நான் கேட்க வேண்டும். எழுத்தைப் பார்த்து, சொல்வதைப் பார்க்காமல் விட்ட தப்பு என்னுடையது. எனக்கு மட்டும் உரியது. நீங்கள் திரும்பி வந்து என்ன சொன்னாலும் தலைகுனிந்து கேட்டுக்கொள்கிறேன். பாப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை உங்களிடமே விடுகிறேன். சொல்வதானால் அவள் சாப்பிட்ட பிறகு சொல்லவும்.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் தப்பை ஒருவர் பெரிதாக்காமல், நாங்கள் வாழ்ந்ததைவிட நன்றாக வாழ மனமார ஆசீர்வதிக்கிறேன். உங்கள் மாமியாரும் ஆசி சொல்லச் சொன்னாள். மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பி.கு.: இதை எழுதி முடித்து உங்கள் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "இதெல்லாம் மாப்பிள்ளைக்கு அன்னைக்கே தெரியுமே" என்கிறாள்! மேனேஜரின் ஆஸ்பத்திரிச் சீட்டில் உங்கள் போன் எண்தான் இருக்கிறதாம். நாங்கள் அண்டாவோடு போய்ச் சேர்ந்தபோதே டாக்டரம்மா உங்களுக்குப் போன் பண்ணிவிட்டாராம். நான் நடக்கப் போகிற நேரம் பார்த்துத் தினமும் நீங்கள் அத்தையிடம் பேசினீர்களாம். "மாமாவா சொல்றப்ப சொல்லட்டும் அத்தை. சொல்லலைன்னாலும் விட்டுடுங்க. அவர் மனசு கஷ்டப்படக் கூடாது" என்றீர்களாம். ஆக, நான் உங்களிடம் மறைத்தேன். நான் மறைக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும் என்பதை நீங்கள் என்னிடம் மறைத்தீர்கள். இதில் யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று எனக்குத் தலை சுற்றுகிறது. அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவதாக இல்லை. உங்களுக்குத் தெரியாதது போலவே நீங்கள் இருங்கள், நான் சொல்லாதது போலவே நானும் இருக்கிறேன். ஆனால் போடாத கடிதத்தில் இதை எப்படி உங்களுக்குத் தெரிவிப்பது என்றுதான் தெரியவில்லை.

இன்னொரு பி.கு., மாமியார் எழுதுறது: மாப்பிள்ளை, இதைக் கிழிச்சுப் போடச் சொல்லிட்டு அவர் குளிக்கப் போயிருக்கார். நான் தபால்ல போடறேன். அன்னைக்கு நான் காய் வாங்கவும் போகல, தையல்காரர்கிட்டயும் போகல. பூனையை மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டதே நான்தான். அவர் பாதி ஊத்தினதும் நிறுத்தினார். மிச்சத்தையும் ஊத்துங்கன்னு சொன்னதும் நான்தான். இதை உங்களுக்கு முதல் நாளே சொல்லிட்டேன். ஆனா அவர் இவ்வளவு சிரமப்பட்டு என்னை வீட்டை விட்டு வெளியே அனுப்பியிருக்கார். நீங்க வந்ததும், "அத்தை அப்போ கடைக்குப் போயிருந்தாங்களாமே"ன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவருக்கு அது போதும்.